காது விளக்கு

மைக்செட்டுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவனுடைய சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி மரம் அறுக்கும் மில்லிலும் தெருவிலும் டீக்கடையிலும் அவன் மைக்செட்தான். இந்தப் பெயரை முதலில் யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. தெரிந்தால் கையைப் பிடித்துக் குலுக்கலாம், அவ்வளவு பொருத்தம்.

அவன் கோபக்காரன் இல்லை. ஊரில் கத்துகிறவர்களில் பாதிப் பேர் கோபத்தில் கத்துகிறார்கள், மீதிப் பேர் பயத்தில் கத்துகிறார்கள். இவனோ தொழிலில் கத்தப் பழகியவன். மீசை அரும்புவதற்கு முன்பே ரம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். ரம்பம் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. இந்தப் பக்கம் நின்று மரத்தைத் தள்ளுகிறவன் 'நிறுத்து' என்றால், அந்தப் பக்கம் பலகையை வாங்குகிறவருக்கு அது உடனே போய்ச் சேர வேண்டும். தாமதமானால் விரல் போய்விடும். அந்தப் பக்கம் நிற்பவர் வேறு யாருமில்லை, அவனுடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அதனால் மைக்செட்டின் குரல் மில்லில் ஒரு பாதுகாப்புச் சாதனமாகவே மதிக்கப்பட்டது. சிக்கல் என்னவென்றால், ரம்பத்துக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது, இவன் குரலுக்கு இல்லை.

இவன் ரகசியம் சொன்னால் நாலு வீட்டுக்குத் தெரியும். போனில் பேசினால் மச்சான் தலையில் அடித்துக்கொள்வார். "மாப்ள, போனை வெச்சுட்டு சும்மா பேசு, எங்க வீடு வரைக்கும் கேக்குது. காசாவது மிச்சமாகும்" என்பார்.

அவன் மனைவி அவனுக்கு நேர்மாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் மூக்கின் மேல் சட்டத்தை வைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இப்போ?" என்று கேட்பாள். அந்தக் குரலுக்காகவே கண் நன்றாகத் தெரிகிறவர்களும் கடைக்கு வருவதாக அவளுடைய முதலாளி கேலி செய்வார். இந்த இருவரும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தி நேரிலேயே கேட்டும்விட்டாள். "ரெண்டு பேரும் மெதுவா பேசினா வீட்டுல யாருக்கு என்ன கேக்கும்?" என்று இவள் சிரித்து அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், தலையிலிருந்து மரத்தூளைத் தட்டிக்கொண்டே வாசலில் நின்று, "உள்ள யாரு?" என்று ஒரு குரல் கொடுப்பான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவன் வாசலில் நிற்கிறான் என்றால் உள்ளே யார் இருக்க முடியும்? ஆனாலும் தினமும் கேட்பான். அவளும் அடுப்படியிலிருந்து, "வேற யாரு, நான்தான்" என்பாள். இதைக் கேட்டுத்தான் தெருவில் கடிகாரத்தைச் சரிபார்ப்பார்கள் என்று பேச்சு.

கல்யாணமாகி வெகு காலம் குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவனுடைய குரலில் அந்தப் பேச்சைப் பேச முடியாது, அதுதான் காரணம். பிறகு, எதிர்பார்ப்பதையே விட்டுவிட்ட ஒரு வருஷத்தில், அவள் வயிற்றில் பாப்பா வந்தது. அன்று முதல் வாசல் கேள்வி இரண்டு கேள்வியாயிற்று. வாசலில் ஒரு தடவை கேட்பான். உள்ளே வந்து, குனிந்து, அவள் வயிற்றைப் பார்த்து இன்னொரு தடவை, "உள்ள யாரு?" என்பான். குனிந்தால் குரலும் குனியும் என்று அவனுக்கு நினைப்பு. அது குனிந்ததில்லை. ஜன்னல் கண்ணாடி அதிரும், வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உதை விழும்.

"பாருங்க, பிள்ளை பயந்துக்குது" என்பாள் அவள்.

"பயமா? பதில் சொல்லுது!" என்பான் இவன்.

நாள் நிறைய இன்னும் வெகு நாள் இருக்கும்போதே ஒரு காலையில் அவளுக்கு வலி வந்துவிட்டது. கடையில் இருந்தவர்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மைக்செட் மரத்தூளோடு ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றை அறுத்து எடுத்திருந்தார்கள். பெண் குழந்தை. உயிரோடு இருக்கிறாள், ஆனால் மிகச் சின்னவள், தனி அறையில் வைத்திருக்கிறோம் என்றார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ஒரு நீல அங்கியை மாட்டிவிட்டு, அவனை உள்ளே கூட்டிப்போனார்கள்.

அறையில் வெளிச்சம் மங்கலாக இருந்தது. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். சுவரில் மனிதக் காது வடிவத்தில் ஒரு பெரிய விளக்கு மாட்டியிருந்தது. அதன் உள்மடல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டான். அவனுடைய மகள் மூன்றாவது பெட்டியில் இருந்தாள். உடம்பெல்லாம் ஒயர். அவன் உள்ளங்கையில் படுக்க வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும் போலிருந்தது.

"அடேயப்பா, எவ்வளவு சின்ன விரலு!" என்றான்.

அவன் கணக்குக்கு அதை மிக மெதுவாகத்தான் சொன்னான். சுவரிலிருந்த காது பச்சையிலிருந்து மஞ்சளில்கூட நிற்காமல் நேராகச் சிவப்புக்குத் தாவியது. அத்தனை பெட்டிகளிலும் குட்டிக் கைகள் திடுக்கிட்டு மேலே எழும்பின. மூன்றாவது பெட்டியின் மேலிருந்த இயந்திரம் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஒரு நர்ஸ் பெட்டிக்குள் கையை விட்டுக் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தாள். தலைமை நர்ஸ் இவனுடைய முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"சார் எங்க வேலை பாக்குறீங்க?"

"மரம் அறுக்குற மில்லுல, சிஸ்டர்!"

வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நினைச்சேன்" என்றாள் தலைமை நர்ஸ். "உள்ள இருக்கறதுங்க எல்லாம் இன்னும் அம்மா வயித்துல இருக்க வேண்டியதுங்க. சத்தம் தாங்காது. அந்தக் காது பச்சையா இருக்கற வரைக்கும்தான் யாரும் உள்ள நிக்கலாம். பெரிய டாக்டருக்கும் அதே சட்டம்தான்."

"இனிமே வாயே திறக்க மாட்டேன்" என்றான். அதையும் சத்தமாகச் சொன்னான்.

"அதுவும் உதவாது. உங்க பொண்ணுக்கு ஒரு மறதி இருக்கு. தூங்கும்போது மூச்சு விட மறந்துடறா. முன்னாடியே பொறந்த பிள்ளைங்களுக்கு இது சகஜம்தான், வளர வளரப் போயிடும். அதுவரைக்கும் மறக்கும்போதெல்லாம் யாராவது தொட்டு, பேசி ஞாபகப்படுத்தணும். அம்மா நெஞ்சுல போட்டா இந்த மறதி நல்லாக் குறையும். ஆனா உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியே கிருமி தொத்திக் காய்ச்சல் அடிக்குது. அவங்க இப்போ இங்க வரக் கூடாது. அப்பா நெஞ்சா இருந்தாலும் போதும். ஆனா வெறும் நெஞ்சு போதாது சார். அவளுக்கு ஒரு குரல் வேணும், வீட்டு மனுஷங்க குரல்."

அவன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுடைய தொண்டையே அவனுக்கு எதிரியாகத் தெரிந்தது. எத்தனையோ வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. அதைக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும், இருக்கிற ஒரே ஆள் இவன். இவன் கூப்பிட்டாலோ பிள்ளை அதிர்ந்து போகிறது. அவனுக்கு அழுகை வந்தது. அழுதாலும் சத்தமாகத்தான் வரும் என்று பயந்து, படியிறங்கித் தெருவுக்குப் போய் அழுதான்.

அன்றிலிருந்து கிசுகிசுக்கத் தொடங்கினான். மைக்செட் தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது. கத்துவதற்கு எதிர்ப்பதம் கிசுகிசுப்பது, அவ்வளவுதானே என்று நினைத்தான். மனைவி படுத்திருந்த வார்டில் காற்றாகப் பேசினான். டீக்கடையில் காற்றாகப் பேசினான். கடைக்காரர் பயந்துபோய்ச் சர்க்கரையைக் கூடவே போட்டார். குழந்தை அறையின் வாசலில் நின்று காற்றாகச் சில வார்த்தை சொல்லிப் பார்த்தான். காது பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் அருகில் நின்ற நர்ஸுக்கே அவன் என்ன சொன்னான் என்று புரியவில்லை. பெட்டிக்குள் இருக்கிறவளுக்கு என்ன புரியும்?

போகப் போகத் தொண்டை எரிந்தது. ஒரு காலையில் மில்லில் மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மச்சானின் சட்டைக் கை ரம்பத்தை நோக்கிப் போவதைப் பார்த்தான். வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. கையில் கிடைத்த கட்டைத் துண்டை எடுத்து மச்சானின் தோளில் விட்டெறிந்தான். அவர் துள்ளிப் பின்னால் நகர்ந்தார். சட்டைக் கை மட்டும் கிழிந்து பறந்தது.

மச்சான் ரம்பத்தை நிறுத்திவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டே வந்தார். "உன் சத்தத்தைப் பத்தி இத்தனை வருஷம் குறை சொன்னதுக்கு என்னை மன்னிச்சுக்க மாப்ள. கட்டையால அடி வாங்கறதுக்கு அதுவே மேல்" என்றார். அப்புறம்தான் மைக்செட்டின் கண்ணைப் பார்த்தார். கேலியை அப்படியே விட்டுவிட்டார். "வா. தொண்டைக்குன்னு அந்த ஆஸ்பத்திரியிலேயே யாரோ இருக்காங்களாம். மில்லு எங்கயும் ஓடிப் போயிடாது."

கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த சின்ன அறையில், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அவன் வயதுதான் இருக்கும். மேசையில் தண்ணீர்க் குவளைகள், உறிஞ்சுகுழல்கள், ஒரு கைக்கண்ணாடி. வாசலில், பாடம் நடத்தி நடத்திக் குரல் போன ஒரு வாத்தியாரும், வாதம் வந்து பேச்சு குழறிப்போன ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மைக்செட் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். முறை வந்ததும், மச்சான்தான் விஷயத்தைச் சொன்னார்.

அவள் சிரித்துவிட்டாள். "எல்லாரும் சத்தம் வரலைன்னு வருவாங்க. குறைக்கணும்னு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "முதல்ல கிசுகிசுக்கறதை விடுங்க. அது மெதுவான பேச்சு இல்ல. தொண்டையை இறுக்கிப் பிடிச்சுக் காத்தை மட்டும் தள்ளுறீங்க. கத்தறதும் அதே இறுக்கம்தான். குரல் திரும்பி வர்ற வரைக்கும் பேசவே கூடாது. அப்புறம் வாங்க."

குரல் திரும்பியதும் போனான். அவனை ஒரு பெஞ்சில் படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் கையை வைக்கச் சொன்னாள். மூச்சை இழுக்கச் சொன்னாள். அவன் மார்பை விரித்து, தோளைக் காது வரை தூக்கி இழுத்தான். வயிறு உள்ளே போயிற்று.

"பாத்தீங்களா? மரம் தூக்கற மாதிரி மூச்சு விடுறீங்க. தோளுக்கு இங்க வேலை இல்ல. வயிறு மேல வரணும்."

அவனுக்கு வரவில்லை. மூச்சு விடுவதில் இவ்வளவு இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. பிறந்ததிலிருந்து செய்கிற காரியம், அதிலும் ஒருத்தி தப்புக் கண்டுபிடிக்கிறாள். வெட்கமாக இருந்தது. அப்போது சட்டென்று மேல் மாடியில் பெட்டிக்குள் கிடக்கிறவள் ஞாபகம் வந்தது. அவளும் இதே பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் மறந்து மறந்துதான் போய்க்கொண்டிருந்தது. வெட்கம் போய்விட்டது. "இன்னொரு தடவை டீச்சர்" என்றான்.

வயிறு நிறைய மூச்சு இழுத்து, உதடு மூடி, 'ம்ம்ம்' என்று மெல்ல விட வேண்டும். தொண்டை அதிரக் கூடாது, மூக்கும் உதடும் கூச வேண்டும். உறிஞ்சுகுழலைத் தண்ணீரில் விட்டு, ஒரே சீராகக் குமிழி வரும்படி குரல் கொடுக்க வேண்டும். குமிழி துள்ளினால் தப்பு, ஒரே அளவில் வந்தால் சரி. கத்துவதைவிட மெதுவாகப் பேசத்தான் அதிக மூச்சு வேண்டும் என்று அவள் சொன்னபோது அவனுக்கு மில்லின் ஞாபகம் வந்தது.

"கரண்ட் குறைஞ்சா எங்க ரம்பம் கத்தும் டீச்சர். மரத்துல மாட்டிக்கிட்டுக் கிரீச்சிடும். கரண்ட் முழுசா வந்தா கிரீச்சே இல்லாம ஒரே சீரா அறுக்கும்."

"அதேதான்" என்றாள் அவள். "நீங்க இவ்வளவு நாளும் குறைஞ்ச கரண்ட்லதான் ஓட்டியிருக்கீங்க."

மில்லில் சாப்பாட்டு நேரத்தில் மைக்செட் பலகைக் குவியலின் மேல் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு எழுந்து தண்ணீர் பாட்டிலில் குழலை விட்டு 'ம்ம்ம்' என்பான். "அறுத்த மரமே இவ்வளவு அழகாப் படுத்திருக்காது" என்றார் மச்சான். ஆனாலும் அந்த நேரத்தில் யாரும் ரம்பத்தை ஓட்டாமல் பார்த்துக்கொண்டது அவர்தான்.

சாயங்காலம் மனைவியின் வார்டுக்குப் போவான். காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒரு நாள் அவளிடம் புதிதாகக் கற்ற குரலைக் காட்டினான். நெஞ்சை நிமிர்த்தி, வார்த்தைக்கு வார்த்தை மெருகு ஏற்றி, "வணக்கம். தாங்கள் நலமா? மகள் நலமாக இருக்கிறாள்" என்றான். போனில் காத்திருக்கச் சொல்கிற பதிவுக் குரல் அப்படியே வந்தது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ வேணாங்க, தையல் பிரிஞ்சிடும்! யாருங்க இது? என் புருஷன் எங்க?"

அவனுக்குச் சுருக்கென்றது. "மெதுவா பேசினேன்ல?"

"மெதுவாத்தான் இருக்கு. ஆனா நீங்க இல்லையே." அவள் சிரிப்பை நிறுத்தி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "சத்தத்தைக் குறைங்க. உங்களைக் குறைக்காதீங்க. சும்மா என்கிட்ட எப்பவும் போல ஏதாவது சொல்லுங்க. மூச்சை இழுத்துட்டு."

அவன் மூச்சை இழுத்தான். வயிறு நிறைந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால் உள்ளே இருந்தது வந்துவிட்டது.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வார்த்தை மனைவி வரைக்கும்தான் போயிற்று. அடிவயிற்றிலிருந்து வந்த, கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறான், எல்லாம் தெருவுக்கும் சேர்த்துச் சொன்னவை. பயம், ஏக்கம், குழந்தை இல்லாத வருஷங்களில் மனசில் வைத்துப் புழுங்கியது, இவற்றையெல்லாம் தெருவுக்குச் சொல்ல முடியாது என்பதால் அவளுக்கும் சொன்னதில்லை.

"இந்தக் குரலை எங்க வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"எனக்கே தெரியாதும்மா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. போய் அவளைத் தூக்கிக்கங்க. எனக்கும் சேத்துத் தூக்கிக்கங்க."

அன்று அவன் நேரம் முடியும் வரை அவளிடம் பேசிக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டவை நிறைய இருந்தன.

அடுத்த நாள் காலை தலைமை நர்ஸ் அவனைக் காது விளக்குக்குக் கீழே நிறுத்தினாள். பரீட்சை. அவன் கால்களை ஊன்றி, தோளைத் தொங்கவிட்டு, மூச்சை வயிற்றுக்கு அனுப்பி, "நான் இவளோட அப்பா" என்றான். காது மஞ்சளாயிற்று. அவன் முகம் தொங்கிப்போனது. "அவசரப்படாதீங்க" என்றாள் அவள். மறுபடி இழுத்தான், உதட்டில் 'ம்' என்று கூச்சம் வரும் வரை காத்திருந்தான், பிறகு சொன்னான். "நான் இவளோட அப்பா." காது பச்சையிலேயே நின்றது. தலைமை நர்ஸ் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவளுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"போய்க் குளிச்சிட்டு வாங்க. காதுல கூட மரத்தூள் இருக்கு" என்றாள்.

குளித்துவிட்டு வந்தான். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, அங்கியின் முன்பக்கத்தைத் திறந்து, இரண்டு நர்ஸுகள் ஒயர்களோடு சேர்த்து மகளைத் தூக்கி அவன் மார்பில் வைத்தார்கள். மேலே ஒரு துணியைப் போர்த்தினார்கள். அவளுக்கு எடையே இல்லை. சூடு மட்டும் இருந்தது. அவளுடைய கன்னம் அவன் நெஞ்செலும்பில் பட்டுக்கொண்டிருந்தது. கால்கள் அவன் வயிற்றின் மேல் மடங்கியிருந்தன. மூச்சு இழுக்கும்போது அவன் வயிறு மேலே வந்தது, அவளும் மேலே வந்தாள். விட்டபோது இருவரும் கீழே இறங்கினார்கள். அந்தப் பலகைத் துண்டை வைத்து அவன் எதற்காகப் பழகினானோ, அது இதற்குத்தான் என்று தோன்றியது.

"பேசுங்க" என்று சைகை காட்டிவிட்டு நர்ஸ் அடுத்த பெட்டிக்குப் போனாள்.

அவனுக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. கண்ணே, மணியே என்றெல்லாம் தயார் செய்து வைத்திருந்தான், எல்லாம் ஓடிவிட்டது.  மூச்சை மட்டும் ஒரே சீராக இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. சக்கர நாற்காலியில் அவன் மனைவி. விடியற்காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. உள்ளே விட இன்னும் அனுமதி இல்லை, வெளியே இருந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். பின்னால் மச்சான், கை கிழிந்த அதே மில் சட்டையில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்து, அவன் மார்பின் மேலிருந்த சின்ன மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. இயந்திரம் கத்துவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சின் மேல் நடந்துகொண்டிருந்த சின்ன அசைவு நின்றுவிட்டது. ஒன்றுமில்லை. சும்மா இருந்தாள். மறந்துவிட்டாள்.

அவன் தொண்டைக்குள் 'சிஸ்டர்' என்று ஓர் அலறல் எழுந்தது. ரம்பத்துக்கு மேல் எழுகிற அதே அலறல், எத்தனையோ விரல்களைக் காப்பாற்றியது. உதடு வரை வந்துவிட்டது. அவன் பல்லைக் கடிக்கவில்லை, தொண்டையை இறுக்கவில்லை. மூச்சை இழுத்தான். தோள் அசையவில்லை. வயிறு மட்டும் மேலே வந்தது, அவளையும் தூக்கிக்கொண்டு. ஒரு கை அவள் முதுகைத் தடவியது. அந்த மூச்சில் என்ன சொல்வது என்று அவன் யோசிக்கவே இல்லை. தினமும் எதைச் சொன்னானோ அதுவே வந்தது.

"உள்ள யாரு?" என்றான்.

அவள் கன்னம் வைத்திருந்த எலும்புக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. மாதக்கணக்கில் அவள் கேட்ட அதே குரல்தான், ஆள் மாறவில்லை, வார்த்தை மாறவில்லை. சத்தம்தான் இல்லை. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் வயிற்றில் ஓர் உதை விழுந்தது. இத்தனை நாளும் அவன் மனைவி வாங்கிக்கொண்டிருந்த உதை. அதன் பின்னாலேயே மகள் வாயைத் திறந்து, விக்கி, ஒரு மூச்சு இழுத்தாள். அப்புறம் இன்னொன்று.

கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்த தலைமை நர்ஸ் பாதியில் நின்றாள். இயந்திரம் தானாக அடங்கியது. அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். காது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. "அப்படியே பேசிக்கிட்டே இருங்க சார்" என்றாள், அவளுடைய குரல்தான் கொஞ்சம் நடுங்கியது.

மைக்செட்டின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் மகளின் மேல் இருந்தன. மறுபடி மூச்சை இழுத்தான், மறுபடி கேட்டான், "உள்ள யாரு?" மறுபடி ஓர் உதை.

கண்ணாடிக்கு வெளியே மச்சான் குனிந்து, "என்னம்மா சொல்றாரு மாப்ள? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

அவளுக்கும் கேட்கவில்லை. தெருவுக்கே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, முதல் தடவையாக அவளுக்கே கேட்கவில்லை. ஆனால் அந்த உதட்டசைவு அவளுக்குத் தெரியாதா? பழக்கத்தில் அவள் வாயும் திறந்தது. 'வேற யாரு' என்று பாதி வந்துவிட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள். துணிக்கு அடியில் அந்தச் சின்ன மேடு அசைவதைப் பார்த்தாள். கேள்வி இப்போது அவளுக்கானது இல்லை, பதில் சொல்ல உள்ளே ஆள் இருந்தது.